பெட்டிக்குள் போன தாங் சூரி

அத்தியாயம் ஒன்பது

தன் வீட்டுப் பின்னறைக்குள் போக, தியூர்மா இப்போதெல்லாம் கணவரைக் கேட்க வேண்டியிருந்தது.

பின்சார் முடியாது என்று சொல்வதில்லை. பூட்டைத் திறந்துவிடுவார். கூடவே வந்து நிற்பார். கையைக் கழுவினாயா, துணிக் கையுறை மாட்டினாயா, ஓரத்தை மட்டும் பிடி, முதுகை வளைக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் படிக்கிற ஆசை வடிந்துவிடும். போன வாரமும் அப்படித்தான். எடுத்த புத்தகத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அந்த அறையில் இருந்த அத்தனையும் அவள் சேர்த்த காமிக்ஸ். அவள் பிறப்பதற்கு முன்பே மேடான் நகரத்தில் அச்சாகி, கைமாறிக் கைமாறி, தீத்தி காந்துங் பாலத்தடிப் பழைய புத்தகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தவை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்து வீடு திரும்பும்போது பாலத்தடியில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றாமல் அவள் வந்ததில்லை. அட்டை போனது, நடுவில் பக்கம் தவறியது எதையும் அவள் ஒதுக்கமாட்டாள். ஒரு கதையில் யாரோ கதாநாயகியின் சாரோங்குக்கு நீலக் கலர் அடித்திருந்தார்கள். இன்னொன்றில், வீரன் ஒரே ஆளாக இருபது பேரை அடிக்கும் பக்கத்து ஓரத்தில் 'பொய்' என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே, ஏற்கெனவே தன்னிடம் இருந்த கதையை அவள் மறுபடியும் வாங்கினாள்.

சனிக்கிழமை மாலைகளில் அண்ணன் போல்த்தாக் வருவார். ஷேர் வேன் ஓட்டுகிறவர். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கூவிக் கூவித் தடித்த குரல். இருவரும் குரல் மாற்றிக் கதை படிப்பார்கள். வில்லன், முதலை, கிழட்டு மந்திரவாதி எல்லாம் அவர். கதாநாயகி, அரசகுமாரன், குதிரை எல்லாம் தியூர்மா. பொரித்த வாழைப்பழத்தின் எண்ணெய்க் கையோடு பக்கத்தைத் திருப்புவார்கள். பின்சார் அந்நேரம் கள்ளுக்கடையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. தியூர்மாவுக்கு அதில் வருத்தமும் இருந்ததில்லை.

வருத்தம் வந்தது, அவர் அவற்றைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான்.

மகள் ரியானா படிக்க யோக்யகார்த்தாவுக்குப் போனபின், வீடு வெறிச்சென்று கிடந்த ஒரு விடுமுறை நாளில், பின்சார் பொழுதுபோகாமல் அலமாரியைப் படம்பிடித்து ஜகார்த்தாவில் உள்ள சேகரிப்பாளர் சங்கத்துக்கு அனுப்பினார். அந்தச் சங்கம் நாடு முழுவதும் உள்ள சேகரிப்புகளுக்கு மதிப்பெண் போட்டுத் தரவரிசை வெளியிடும். ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. பழைய மேடான் காமிக்ஸ் பிரிவில் அவர்கள் வீட்டு அலமாரிக்கு இரண்டாவது இடம்.

மூன்றாவதோ பத்தாவதோ வந்திருந்தால் பின்சார் சிரித்துவிட்டு விட்டிருப்பார். இரண்டாவது என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. நகரச் சதுரங்கப் போட்டியில் அவர் எத்தனை முறை இறுதிச் சுற்றுக்குப் போனாரோ அத்தனை முறையும் இரண்டாவது. கள்ளுக்கடையில் அவருக்கு 'ரெண்டாம் ராஜா' என்று பெயர். பெயர் வைத்தவர் நெடுநாள் சிநேகிதர் சாவுத். எதிரில் வைத்தே கூப்பிடுவார். பின்சாரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து அன்று யாரோடும் பேசமாட்டார்.

பின்னறைக்குப் பூட்டுப் போட்டார், ஏசி மாட்டினார். முதலிடத்துக்கு இன்னும் ஒரே புத்தகம் தேவைப்பட்டது. 'தாங் சூரி' என்ற மூன்று பாகக் கதையின் கடைசிப் பாகம். ஆசாகான் ஆற்று முகத்துவாரத்துப் படகுக்காரப் பெண் ஒருத்தி, தன் ஊரின் முரசைக் கொள்ளையடித்துப் போன கடற்கொள்ளையர்களை ஒற்றை ஆளாகத் துரத்திப் போகிற கதை. முதல் இரண்டு பாகம் தியூர்மாவிடம். மூன்றாவது பாகம் போல்த்தாக்கிடம். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. ஒருவரை விட்டு ஒருவர் கதையை முடித்துவிடக் கூடாது.

இன்று சங்கத்து ஆள் வருகிறார்.

*

காலையிலேயே கெபாயா உடுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் பின்சார். இடுப்பு இறுகிய அந்த உடையில் அடுப்பின் முன் குனிய முடியாமல் தியூர்மா நின்றுகொண்டிருந்தபோது, பின்வாசலில் போல்த்தாக்கின் குரல் கேட்டது.

ஒரு கையில் பெரிய தட்டு. முழுக் கெண்டை மீன், மஞ்சளும் அந்தாலிமான் மிளகும் மணக்க, தலை வால் குலையாமல் வெந்திருந்தது. பெண் கொடுத்த வீட்டார் மகளுக்கும் மருமகனுக்கும் வாழ்த்தாகக் கொடுக்கும் மீன். முந்தின நாள் பின்சார் பன்றிக்கறிச் சட்டியோடு, முறைப்படி, மச்சான் வீட்டுக்குப் போயிருந்தார். முறையோடு வந்து கேட்டவருக்கு முறையோடு பதில் வந்திருந்தது.

அக்குளில் ஒரு துணிப்பொட்டலம். அது என்னவென்று தியூர்மா கேட்கவில்லை.

"குடுத்துட்டீங்களா, ஈத்தோ?" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நீ கேட்டு நான் குடுக்காம இருப்பனா?" போல்த்தாக் மீனை மேசைமேல் வைத்தார். "ஆனா நீயே வந்து கேட்டிருக்கலாம். உன் புருஷன், நம்ம லாயே, வந்து அவ்ளோ முறையா உக்காந்து, அவளுக்கு வெக்கமா இருக்கு, அதான் நான் வந்தேன்னு சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நமக்குள்ள என்ன வெக்கம்?"

தியூர்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் கேட்கச் சொல்லவே இல்லை. அண்ணன்தான் மனமுவந்து கொடுக்கிறார் என்று பின்சார் அவளிடம் சொல்லியிருந்தார். இவள் ஆசைப்படுகிறாள் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் நடுவில் நின்று, இருவர் பேச்சையும் அவரே பேசியிருக்கிறார்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து முன்னறையில் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. சாவுத்தின் சிரிப்பு கேட்டது. கள்ளுக்கடைச் சதுரங்கக் கூட்டம் முழுவதும் மனைவிமாரோடு வந்து இறங்கியிருந்தது. பின்சார் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "ரியானாம்மா, வந்துட்டாங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் ரியானா பிறந்த அன்று பார்த்தது. அதற்குப் பிறகு பார்த்ததாக நினைவில்லை.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

*

சங்கத்து ஆள் விராத்மோ மென்மையான மனிதர். ஜாவாக்காரர்களுக்கே உரிய தாழ்ந்த குரல். வாசலிலேயே செருப்பைச் சரியாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் வீட்டுக்கு வந்ததில் யாரும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தியூர்மாவுக்கு அவரை வெறுக்கவாவது முடிந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவர் கொண்டுவந்திருந்த இயந்திரம் தையல் இயந்திரத்தைவிடச் சிறியது. அதை முன்னறை மேசைமேல் வைத்துவிட்டு எல்லோருக்கும் புரியும்படி விளக்கினார். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து மதிப்பெண் போடுவார். பிறகு கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மேலே பெயர்ச்சீட்டு ஒட்டி, நான்கு ஓரமும் சூட்டில் உருக்கி மூடுவார். அதன்பிறகு காற்றோ ஈரமோ பூச்சியோ அண்டாது.

சாவுத்தின் மனைவி கேட்டாள், "அப்புறம் எப்படிப் படிக்கிறது?"

"படிக்கிறதுக்கு இல்லம்மா. பாதுகாக்கிறதுக்கு," என்றார் விராத்மோ. "திறந்தா மதிப்பெண் செல்லாது. தரவரிசையில இருந்து அந்தப் புத்தகம் போயிடும்."

கூட்டம் தலையாட்டியது. சாவுத் பின்சாரின் முதுகில் தட்டினார். "இவன இனிமே என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியலயே. நான் வெச்ச பேரு வீணாப் போகப்போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். பின்சார் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்து மௌனமாகிற சிரிப்பில்லை. தியூர்மா அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் தொண்டைவரை வந்திருந்தது திரும்பி உள்ளே போனது. இத்தனை பேர் முன்னால், இவர்கள் முன்னால், அவரை எப்படிக் கீழே இறக்குவது?

முதல் பாகத்தை விராத்மோ எடுத்தார். திருப்பினார். ஏழாம் பக்கத்து எண்ணெய்க் கறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போல்த்தாக் மெதுவாக, "அது நான்" என்றார். யாரும் கவனிக்கவில்லை. புத்தகம் பெட்டிக்குள் போனது. இயந்திரம் இறங்கி மெல்லச் சீறியது. உருகிய பிளாஸ்டிக்கின் வாடை அறையில் பரவியது.

மேடைமேல் உட்கார்ந்திருப்பதுபோல் தியூர்மா எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளைப் படம்பிடித்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். கெபாயாவின் ஊக்கு விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. எழுந்து போனால் ஏன் போகிறாள் என்பார்கள். உட்கார்ந்திருந்தால் சம்மதம் என்பார்கள்.

இரண்டாம் பாகமும் உள்ளே போனது. மறுபடியும் அந்தச் சீறல்.

போல்த்தாக் பொட்டலத்தை அவிழ்த்து மூன்றாம் பாகத்தை மேசைமேல் வைத்தார். விராத்மோவின் கண்கள் விரிந்தன. இந்தப் பாகத்தைத் தான் நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை என்றார். பக்கங்களை மூச்சுவிடாமல் திருப்பிக்கொண்டே போனவர், கடைசித் தாளுக்கு வந்ததும் நின்றார்.

"இது அச்சு இல்லையே," என்றார்.

இல்லைதான். அவர்கள் வாங்கும்போதே கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. கொள்ளையர் கப்பல் பற்றி எரிகிறது, முரசைக் கட்டிப்பிடித்தபடி தாங் சூரி கடலில் குதிக்கிறாள், அவள் தலைக்குமேல் மலைபோல அலை. அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. ஆறு வயதுத் தியூர்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அவள் செத்துட்டாளா, செத்துட்டாளா என்று அழுதுகொண்டே இருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த போல்த்தாக் ஒரு தாளைக் கொண்டுவந்து நூலால் தைத்தார். தாங் சூரி முரசைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறி நடந்து வருகிறாள். ஒரு கை மற்றதைவிட நீளம். பாதம் முகத்தைவிடப் பெரிது. கரையில் ஊரே நிற்கிறது. வரைய அலுத்துப்போனதால் ஊர் முழுக்க வெறும் வட்டத் தலைகள்.

அந்தப் பக்கம் வரும்போது இருவரும் இன்றுவரை குரல் மாற்றிப் படிப்பதில்லை. சும்மா பார்ப்பார்கள்.

விராத்மோ தயங்கிச் சொன்னார், "இதைப் பிரிச்சு எடுத்துட்டா, தாள் குறைவுன்னு எழுதி மூடிடலாம். அப்பவும் முதலிடம் வந்துரும். இது இருந்தா மட்டும் மதிப்பெண் போட முடியாது. ஒட்டுவேலைன்னு ஆயிடும்."

அறை போல்த்தாக்கைப் பார்த்தது. அவர் சட்டென்று சிரித்தார். பயணி சில்லறை குறைவாகக் கொடுக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

"எடுத்துடுங்க சார். சின்னப் பையன் கிறுக்கினது. கைய பாருங்க, தும்பிக்கை மாதிரி இருக்கு."

கூட்டமும் எட்டிப் பார்த்துச் சிரித்தது. பின்சார் நன்றியோடு மச்சானின் தோளைத் தொட்டார். விராத்மோ ஒரு சின்னக் கத்தரியை எடுத்துத் தையல் நூலுக்கு அடியில் விட்டார்.

"வேண்டாம்," என்றாள் தியூர்மா.

அவள் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அதுதான் என்பதால் எல்லோருக்கும் கேட்டது.

"ரியானாம்மா," என்று பின்சார் அவசரமாகச் சொன்னார். "அவரே எடுக்கச் சொல்றாரு."

"அவரு எனக்காகச் சொல்றாரு. எனக்கு வேணும்னு நெனச்சுச் சொல்றாரு." அவள் விராத்மோவின் பக்கம் திரும்பினாள். "பாக் விராத்மோ, தப்பா நெனச்சுக்காதீங்க. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. ஆனா எனக்கு எந்த எடமும் வேணாம். முதலும் வேணாம், ரெண்டாவதும் வேணாம். உங்க பட்டியல்ல இருந்து என் பேர எடுத்துடுங்க."

விராத்மோ கத்தரியைக் கீழே வைத்தார். சங்கடத்தோடு பின்சாரைப் பார்த்தார், பிறகு அவளை. குரல் இன்னும் தாழ்ந்தது.

"அம்மா, அதை நான் செய்ய முடியாதே. வாபஸ் வாங்குறதுன்னா சேகரிப்பாளரே கேக்கணும்."

"நான்தானே கேக்குறேன்?"

"பதிவாகியிருக்கிறது பாக் பின்சார் பேர்ல, அம்மா."

தியூர்மாவுக்கு முதலில் அது புரியவில்லை. பிறகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். இவ்வளவு நேரம் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்த பெயர்ச்சீட்டு இப்போது நேராகத் தெரிந்தது. தாங் சூரி, பாகம் ஒன்று. சேகரிப்பாளர்: பின்சார் சித்தோருஸ்.

அவள் கடை கடையாகத் தேடி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, இருமலும் காய்ச்சலுமான நாட்களில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படித்த புத்தகம். அதன்மேல் அவர் பெயர் பிளாஸ்டிக்குக்கு அடியில் பளபளத்தது. நகத்தால் சுரண்டினாலும் வராது.

சாவுத்துக்குச் சொல்ல எத்தனையோ கேலி இருந்திருக்கும். அவர்கூடத் தன் காப்பித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் பின்சாரை அதிகம் அடித்திருக்கவேண்டும். அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது.

போல்த்தாக் எழுந்தார். பெண் கொடுத்த வீட்டு ஆள் எழுந்து நின்றால் அந்த வீட்டில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியாது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

"லாயே," என்றார். "நான் குடுத்தது என் தங்கச்சிக்கு."

அவ்வளவுதான் சொன்னார். மூன்றாம் பாகத்தைத் துணியில் சுற்றி, தியூர்மாவின் கையில் வைத்தார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படியே கேட்டார்.

"வர்றியா, ஈத்தோ? வீட்ல எடம் இருக்கு."

அந்தக் கேள்வியின் கனம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கூப்பிட்டு, தங்கை எழுந்து போனால், அப்புறம் அவளைத் திரும்ப அழைத்துவர இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடவேண்டியிருக்கும். சில பேர் வீட்டில் அது வருஷக்கணக்கில் நடக்கவே இல்லை. போனால் அது ஒரு பூட்டு. இருந்தால் இது ஒரு பூட்டு. தியூர்மா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். வாசல் திறந்துதான் இருந்தது. வெளியே வெயிலில் யாருடைய கோழியோ மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"மீன் அப்படியே இருக்கு," என்றாள் கடைசியில். "நீங்க போங்க, ஈத்தோ. நான் இருக்கேன்."

போல்த்தாக் தலையை ஆட்டிவிட்டு, பின்சாரிடம் சொல்லாமல், பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

*

விருந்தாளிகள் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தகராறு உள்ள சேகரிப்பை மேற்கொண்டு மூட முடியாது என்று விராத்மோ மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்லிவிட்டு இயந்திரத்தைக் கட்டினார். மூடிய இரண்டும் மூடியதுதான். பாக் பின்சார் விரும்பினால் வாபஸ் வாங்கலாம், அப்போது பெட்டிகளை உடைக்கவேண்டும்; விரும்பாவிட்டால் இரண்டாவது இடம் அப்படியே இருக்கும். வாசலில் ஜோடியாக இருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அடுப்படியில் பாத்திரங்கள் மலைபோல் கிடந்தன. தியூர்மா கெபாயாவின் ஊக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். பின்சார் வந்து நிலைப்படியில் சாய்ந்தார். வெகுநேரம் நின்றார். சதுரங்கப் பலகையின் முன்னால் அப்படித்தான் நெடுநேரம் காய் நகர்த்தாமல் இருப்பாராம், ஆடுகிறவர்கள் சொல்வார்கள்.

"வேணாம்னு நீ மொதல்லயே சொல்லிருக்கலாம்," என்றார்.

"எப்ப? பூட்டு போட்டப்பவா? ஏசி மாட்டினப்பவா? எங்க அண்ணன்கிட்ட எனக்கு வெக்கம்னு போய் சொன்னீங்களே, அப்பவா?"

அவர் காலடியில் கிடந்த ஒரு கரண்டியை எடுத்துப் பாத்திரக் குவியலில் போட்டார்.

"உங்க பேர ஏன் எழுதினீங்க?"

"எழுதணும்னு எழுதல. நான்தானே அனுப்பினேன், அனுப்புறவன் பேர கேட்டான், போட்டேன். அது பட்டியல்ல அச்சாகி வந்தப்ப மாத்தணும்னுதான் இருந்தேன், நெசமா. ஆனா..." அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "ஜகார்த்தாக்காரன் பட்டியல்ல என் பேரு. அதுக்கு மேல ஒரே ஒரு பேரு. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். மாத்தாம பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அவர் சாக்குச் சொல்லியிருந்தால், கத்தியிருந்தால், அவளுக்கு வழி கிடைத்திருக்கும். அந்த வழியில் நடந்து அண்ணன் வீடுவரை போயிருப்பாள். அவர் உண்மையைச் சொன்னார். ஐம்பது வயது தாண்டிய மனிதர் ஈரத் தரையைப் பார்த்தபடி அதைச் சொன்னபோது அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததில் அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. கையிலிருந்த சட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"வாபஸ் வாங்கிடுங்க," என்றாள்.

"வாங்கினா ரெண்டையும் உடைக்கணும்."

"அவர் சொன்னதக் கேட்டேன்."

"நாளைக்கு சாவுத் என்ன சொல்லுவான் தெரியுமா? ரெண்டாவது எடமும் போச்சும்பான்."

"சொல்லட்டும்."

"உனக்கு அது வெறும் பேச்சு."

"எனக்கு இது வெறும் பெட்டி இல்ல, ரியானாப்பா," என்றாள்.

அவர் நிலைப்படியை விட்டு நகர்ந்து போனார். முன்னறையில் நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

*

பொழுது சாய்ந்தது. தியூர்மா மேசையைத் துடைத்து, சோற்றை வைத்து, அண்ணன் கொண்டுவந்த கெண்டை மீனை நடுவில் வைத்தாள். அந்த மீனைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் உண்ணவேண்டும். மிச்சம் வைத்து மறுநாள் தொடுகிற பண்டமில்லை.

பிறகு முன்னறைக்குப் போய் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்தாள். தட்டுகளுக்கு நடுவில், மீனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்தாள்.

"எதுக்கு இங்க?" என்றார் பின்சார்.

"பின்னறையில வெச்சுப் பூட்டினா நான் பாக்க முடியாது. நீங்களும் பாக்க மாட்டீங்க. இங்கயே இருக்கட்டும். உடைங்கன்னு நான் இனிமே கேக்க மாட்டேன். நானும் உடைக்க மாட்டேன். உங்க பேரு போட்டிருக்கு, உங்க இஷ்டம்."

அவர் உட்கார்ந்தார். அவள் அவர் தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். தெருவில் ஒரு மோட்டார் ரிக்‌ஷா போனது. பக்கத்து வீட்டில் யாரோ தேவாலயப் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே அடியில் தடுக்கித் தடுக்கி மறுபடியும் தொடங்கினார்கள்.

பார்க்காமல் இருக்க பின்சார் முயன்றார். சோற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஆனால் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதெல்லாம் முதல் பாகத்தின் அட்டை கண்ணில் பட்டது. மங்கிய சிவப்பு வானத்துக்குக் கீழே, படகின் முனையில் தாங் சூரி நிற்கிறாள். எதிரே வாளோடு ஒருவன். அவள் முகத்தில் பயமில்லை. வலக்கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது.

குவளையை வைத்தார். கொஞ்சம் குனிந்தார். விளக்கு வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுக் கூசியதால் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"முதுகுக்குப் பின்னால என்ன வெச்சிருக்கா இவ?" என்றார்.

தியூர்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் புத்தகங்களைப் பற்றி, அவற்றுக்குள் இருப்பதைப் பற்றி, கேட்ட முதல் கேள்வி.

"நாலாம் பக்கத்துல தெரியும்."

"சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். படம் பாத்தாத்தான் அது."

பின்சார் இடக்கையால் பெட்டியை எடுத்துத் திருப்பினார். பின்னட்டைதான் தெரிந்தது.